காக்கையும் பனம்பழமும்: ‘அப்படி நடக்காதிருந்தால்’ – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், முதல் உலகப் போர் எப்படித் தொடங்கியது என்று கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதுகையில், “சரயேவோவில் ஒரு கார் வழி தவறாமல் போயிருந்தால் சிகாகோவில் அல் கபோன் என்ற பெயரே எழுந்திருக்காது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன் (கபோன், அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தால் கொழுத்த தாதா). நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேள்விக்கு மேல் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிரின்சிப், சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே கார் தற்செயலாக வந்து நின்றதாகப் படித்தேன். இவ்வளவு பெரிய போருக்கு ஒரு சாண்ட்விச்தான் காரணமா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: சாண்ட்விச்சை மறந்துவிடுங்கள். அது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட கதை. ஆனால் என் வரியிலும் ஒரு பிழை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

1914 ஜூன் 28 காலையில், ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் திறந்த காரில் சரயேவோ நகரின் ஆற்றங்கரைச் சாலை வழியே சென்றபோது, செர்பியாவிலிருந்து வந்த ஆயுதங்களுடன் சதிகாரர்கள் ஆறு பேர் அந்தச் சாலையில் அங்கங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் சாப்ரினோவிச் என்பவன் எறிந்த வெடிகுண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காரின் அடியில் வெடித்தது. அவன் சயனைடை விழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தான். நஞ்சும் வேலை செய்யவில்லை, கோடைகாலத்து ஆற்றில் மூழ்குவதற்குத் தண்ணீரும் இல்லை. இளவரசர் நகர மன்றத்துக்குச் சென்று வரவேற்பை முடித்துக்கொண்டு, காயம்பட்ட அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்றார். அதற்காகப் பழைய பாதையை விட்டு, ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போவது என்று முடிவாயிற்று. அந்த முடிவை ஓட்டுநர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

முன்னால் சென்ற கார், முன்பே அறிவிக்கப்பட்டிருந்த பாதையின்படி லத்தீன் பாலத்துக்கு எதிரே வலப்புறம் திரும்பியது. இளவரசரின் ஓட்டுநர் லோய்காவும் அதைப் பின்தொடர்ந்தார். உடனிருந்த ஆளுநர் போட்டியோரெக் இது வழியல்ல என்று கூவ, கார் நின்றது. அந்த ஆறு பேரில் ஒருவனான பிரின்சிப் சில அடி தூரத்தில் நின்றிருந்தான், இரண்டே தோட்டாக்கள். அவன் அங்கே நின்றதற்கும் காரணம் உண்டு: இளவரசர் செல்லவிருந்த பாதை செய்தித்தாள்களிலேயே வெளியாகியிருந்தது. ஆகவே ஓட்டுநர் வழி தவறினார் என்று நான் எழுதியது பிழை. அவர் தமக்குத் தெரிந்த சரியான வழியில்தான் போனார். அந்த வழி மாற்றப்பட்டதுதான் அவருக்குத் தெரியாது.

கேள்வி: அந்தக் கார் நேராகவே போயிருந்தால் போர் வந்தே இருக்காதா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானே இது? (கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: பழமொழியை மிகச் சரியான இடத்தில் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பழமொழி காக்கையைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. காக்கை வராவிட்டாலும் கனிந்த பழம் விழத்தான் செய்யும். நாம் ஆராய வேண்டியது, 1914-இல் பழம் கனிந்திருந்ததா என்பதை.

கனிந்திருந்தது என்பாருக்கு ஆதாரம் குறைவில்லை. ஜெர்மானியத் தளபதிகள், 1917-இல் நிறைவேறவிருந்த ரஷ்யாவின் படைப்பெருக்கத் திட்டத்தை எண்ணி, போர் எப்படியும் வரப்போகிறதென்றால் பிந்துவதைவிட முந்துவதே மேல் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரியப் படைத் தலைவர் கான்ராட், 1913 என்ற ஒரே ஆண்டில் செர்பியாவின் மீது படையெடுக்க வேண்டும் என்று இருபது தடவைக்கு மேல் வலியுறுத்தியவர். ஆனால் அந்த யோசனைகள் ஒவ்வொரு முறையும் ஏன் நிறைவேறாமல் போயின என்பதையும் பார்க்க வேண்டும். தடுத்தவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் பெர்டினாண்டுதான். மக்களிடம் அன்போ இனிய பேச்சோ இல்லாதவர், முன்கோபி. ஆயினும் செர்பியாவைத் தொட்டால் ரஷ்யா வரும், ரஷ்யாவோடு மோதினால் இரண்டு முடியரசுகளும் அழியும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. அவரைக் கொன்றதனால் போருக்கு ஒரு காரணம் கிடைத்தது என்பது பாதி உண்மை. போர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் வியன்னா அரண்மனையிலிருந்து அகற்றப்பட்டார் என்பது மறுபாதி. 1911-இல் மொராக்கோ நெருக்கடியும், 1912-13-இல் இரண்டு பால்கன் போர்களும் வந்தபோது வல்லரசுகள் விளிம்புவரை சென்று திரும்பியிருக்கின்றன. 1914 ஜூலையில் மட்டும் திரும்ப முடியாமல் போனதில் இந்த மரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1913 நவம்பரில் இதே இளவரசர் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கி வேட்டைக்குச் சென்றபோது, துப்பாக்கி நிரப்பித் தரும் ஆள் ஒருவர் இடறி விழ, இரு குழல்களும் வெடித்து, குண்டுகள் இளவரசருக்கும் பிரபுவுக்கும் சில அடி தூரத்தில் பறந்து சென்றன. அன்றே அவர் இறந்திருந்தால் அது ஒரு வேட்டை விபத்து. எந்த நாட்டுக்கும் யாரும் இறுதி எச்சரிக்கை அனுப்பியிருக்க மாட்டார்கள். அதே மனிதர், அதே மரணம், ஏழு மாத இடைவெளி. இதனால்தான் சரயேவோவை வெறும் காக்கை என்று தள்ள என்னால் முடியவில்லை.

1914-இல் போர் வந்திருக்காது என்று துணிந்து சொல்வேன். 1917-க்குப் பின் வந்திருக்குமா என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. நான் வாய்ப்புக் குறைந்திருக்கும் என்ற கட்சியைச் சேர்ந்தவன். ஜெர்மனியின் போர்த்திட்டம் முழுவதும், ரஷ்யப் படை ரயிலேறி எல்லைக்கு வந்து சேரும் முன்பே பிரான்சை வீழ்த்திவிடலாம் என்ற ஒரே நம்பிக்கையில் நின்றது. ரஷ்யாவின் ரயில் பாதைகள் பெருகிவிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். விரைவில் வெல்லும் நம்பிக்கை இல்லாத தளபதிகள் போரைத் தொடங்கத் தயங்குவார்கள்.

ஆனால் போர் இல்லாத 1914-ஐ அமைதிப் பூங்கா என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கோடையில் பிரிட்டிஷ் அமைச்சரவையை அதிகம் கவலைப்படுத்தியது செர்பியா அன்று, அயர்லாந்து. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதை எதிர்த்த, அதன் வடபகுதியைச் சேர்ந்த அல்ஸ்டர் தொண்டர் படை ஏப்ரலில் ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகளைக் கடத்தி இறக்கியிருந்தது. ஜூலை 26-ஆம் நாள், எதிர்த்தரப்புத் தொண்டர்கள் தங்கள் ஆயுதங்களை இறக்கியபோது, டப்ளின் தெருவில் கூட்டத்தின் மீது படைவீரர்கள் சுட்டார்கள். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் அதே மாதத்தில் பொது வேலைநிறுத்தம் செய்து தெருக்களில் தடுப்பரண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பெரும் போர் வந்து இவற்றை மூடிப் புதைத்தது. அது வராதிருந்தால், அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கக் கூடும்.

கேள்வி: அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. நடந்ததைச் சொல்லவே பக்கம் போதாத இதழில் நடக்காததற்கு எதற்கு இத்தனை பக்கம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று சொல்லும்போதெல்லாம், முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது இருந்திருக்காது என்பதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறோம். தாங்கள் வகுப்பில் ‘போருக்கான காரணங்கள்’ என்று கரும்பலகையில் எழுதிய நாளெல்லாம் அத்தையின் மீசையைத்தான் அளந்துகொண்டிருந்தீர்கள். அதை வெளிப்படையாக அளப்போமே என்பதுதான் என் வேண்டுகோள்.

கேள்வி: போர் ஐரோப்பாவில், அல் கபோன் அமெரிக்காவில். அவன் போர்வீரனும் அல்லன். இரண்டுக்கும் என்ன முடிச்சு? (வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

பதில்: என் வரியின் மிகப் பலவீனமான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். முடிச்சின் பெயர் மதுவிலக்கு.

அல் கபோன் 1899 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தான். அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 17. அவனுடைய இருபத்தொன்றாம் பிறந்த நாள். இப்படியொரு பிறந்தநாள் பரிசை எந்த அரசும் எந்தக் குற்றவாளிக்கும் தந்ததில்லை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அவன் விடுதிக் காவலாளாகவோ, விபசார விடுதிகளின் கணக்குப் பார்ப்பவனாகவோ, ஒரு பேட்டைக்குள் அடங்கிய ரவுடியாக இருந்து மறைந்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிகாகோவில் அவனுக்கு முன்பே ஜிம் கொலோசிமோவின் கூட்டம் இருந்தது. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் கூட்டம் இருந்தது. அவை சூதாட்டத்தாலும் விபசாரத்தாலும் பிழைத்தவை. நேற்றுவரை சட்டப்படி வாங்கிக் குடித்த கோடிக்கணக்கான நல்ல குடிமக்களை ஒரே நாளில் அவற்றின் வாடிக்கையாளர்களாக்கியது மதுவிலக்குதான்.

மதுவிலக்குக்குப் போர் காரணமா? ஓரளவுக்கு. 1914 டிசம்பரில், அதாவது அமெரிக்கா போரில் இறங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, மதுவிலக்கை அரசியலமைப்பில் சேர்க்கும் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 197 வாக்குகளும் எதிராக 190 வாக்குகளும் கிடைத்தன. பெரும்பான்மை இருந்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்குதான் இல்லை. 1917 டிசம்பரில் அதே சபையில் 282-க்கு 128. இந்த மூன்று ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தில் போரின் கை தெளிவாகத் தெரிகிறது. பீர் ஆலைகளின் முதலாளிகள் பெரும்பாலும் ஜெர்மானிய வழியினர். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ் என்ற பெயர்களே பகைவரின் பெயர்களாக ஒலித்தன. பார்லியை ரொட்டிக்குத் தராமல் பீருக்குத் தருவது நாட்டுத் துரோகம் என்ற முழக்கம் எழுந்தது. போர்க்கால மதுவிலக்குச் சட்டம் என்று தனியே ஒன்று வந்தது. அதில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது 1918 நவம்பர் 21. போர் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது!

ஆனால் பெண்கள் அமைப்புகளும், தேவாலயங்களும், சலூன் (அங்கே மதுக்கடை) எதிர்ப்பு லீக் என்ற சக்தி மிக்க இயக்கமும் அதற்கு முன்பே ஏறத்தாழ பாதி மாநிலங்களில் மதுவை ஒழித்திருந்தன. அதுவரை மதுவரியை நம்பி வாழ்ந்த மத்திய அரசுக்கு, 1913-இல் வந்த வருமான வரி ஒரு மாற்று வழியைத் திறந்துவிட்டிருந்தது. ஆகவே இங்கே பழம் முக்கால் பங்கு கனிந்திருந்தது என்பேன். போர் வராதிருந்தால் நாடு தழுவிய தடை பிந்தியிருக்கும். விஸ்கிக்கு மட்டும் தடை, பீருக்கு விலக்கு என்பது போன்ற மென்மையான வடிவில் வந்திருக்கவும் கூடும். சிகாகோக் கூட்டங்களின் பெருவருமானம் பீரிலிருந்து வந்ததால், அந்த விலக்கு ஒன்றே கபோனின் கதையை மாற்றியிருக்கும்.

போர் சிகாகோவுக்குத் தந்த நேரடிச் சீதனம் ஒன்று உண்டு. தளபதி ஜான் தாம்சன், பதுங்கு குழிகளைப் பெருக்கித் துடைக்கும் துடைப்பம் என்று எண்ணி உருவாக்கிய கையடக்க இயந்திரத் துப்பாக்கி, களத்துக்குப் போகுமுன் போர் முடிந்துவிட்டது. 1921 முதல் அது விற்பனைக்கு வந்தது. படைகள் ஆர்வம் காட்டவில்லை, தாதாக்கள் காட்டினார்கள். சரயேவோ இல்லாத உலகில் தாம்சன் அதை உருவாக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது. கபோனோ, இளமையில் புரூக்ளின் விடுதியொன்றில் ஒரு பெண்ணைக் கேலி செய்து அவள் அண்ணனிடம் கத்திக்குத்து வாங்கிய கன்னத் தழும்புகளை, பிரான்சில் போரிட்டுப் பெற்ற விழுப்புண் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவன். போருக்கும் அவனுக்கும் உள்ள சொந்தத் தொடர்பு அந்தப் பொய் மட்டுமே.

1931-இல் அவனைச் சிறைக்கு அனுப்பியது கொலை வழக்கு அன்று, வருமான வரி வழக்கு. பதினொரு ஆண்டுத் தண்டனை. மதுவிலக்குக்குக் கதவு திறந்துவிட்ட அதே 1913-ஆம் ஆண்டு வரிதான் அவன்மீது கதவைச் சாத்தியது. வழக்கறிஞரான நீங்கள் இதை ரசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் நடந்த காதலர் தினப் படுகொலையில், குறிவைக்கப்பட்ட, கபோனின் எதிரிக் கூட்டத் தலைவன் ‘பக்ஸ்’ மோரன் தாமதமாக வந்ததால் தப்பினான் என்கிறார்கள். அவன் நேரத்துக்கு வந்திருந்தால்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கொலையானவர்கள் ஏழு பேர், எட்டாயிருக்கும். நாட்டை உலுக்கியது அந்தக் கொடூரமும், கொலையாளிகளில் சிலர் போலீஸ் சீருடையில் வந்தார்கள் என்ற துணிச்சலும்தானே தவிர, மோரன் இருந்தானா இல்லையா என்பதன்று. அவன் கூட்டம் அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது. இது வெறும் காக்கை.

கேள்வி: டைட்டானிக் பனிப்பாறையைத் தவிர்த்திருந்தால் 1,500 உயிர்கள் பிழைத்திருக்கும். இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது? (கப்பல் துறை ஊழியர், தூத்துக்குடி)

பதில்: அந்த உயிர்களைப் பொறுத்தவரை விவாதமே இல்லை. தப்பிக்கும் வாய்ப்புகளும் ஒன்றல்ல, பல இருந்தன. 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டன் துறையை விட்டுப் புறப்படும்போதே, டைட்டானிக் நகர்ந்ததால் எழுந்த நீரிழுப்பில் அருகில் கட்டியிருந்த ‘நியூயார்க்’ கப்பலின் வடங்கள் அறுந்து, அது சில அடி இடைவெளிக்குள் வந்து விலகியது. அன்று இரண்டும் உரசியிருந்தால் பயணம் தள்ளிப்போயிருக்கும். உங்களைப் போன்ற துறைமுகத்தாரைத் தவிர யாருக்கும் அது நினைவில் இருந்திருக்காது. ஏப்ரல் 14 இரவு 11.40-க்குக் கப்பலைத் திருப்ப முயலாமல் நேரே மோதவிட்டிருந்தால், முன்பகுதியில் இருந்தோர் மடிந்திருப்பினும் கப்பல் மிதந்திருக்கும் என்று, அதைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் வைல்டிங் விசாரணையில் கூறினார். ஆயினும் எந்த மாலுமியும் பாறையைக் கண்டு திருப்பாமல் இருக்க மாட்டான். இத்தகைய ‘இருந்தால்’ மனித இயல்புக்கு வெளியே நிற்பதால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நான் கேட்பது அதற்குப் பிறகு நடந்தவற்றை. உயிர்காப்புப் படகுகள் எத்தனை வேண்டும் என்ற அன்றைய பிரிட்டிஷ் விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தது. டைட்டானிக் 46,000 டன். அதில் 2,200-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். படகுகளில் இடமோ 1,178 பேருக்கு மட்டும். அது சட்டப்படி சரியான எண்ணிக்கை, சட்டம் கேட்டதைவிடக் கூடுதலும்கூட! டைட்டானிக் பத்திரமாக நியூயார்க் சேர்ந்திருந்தால் அந்த விதி அப்படியே இருந்திருக்கும். கப்பல்கள் இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கும். வடக்கு அட்லாண்டிக்கில் பனிப்பாறைக் கண்காணிப்பும், கம்பியில்லாத் தந்தியறையில் இரவு பகலாகக் காவலும், பயணி ஒவ்வொருவருக்கும் படகில் இடமும் வேறொரு கப்பலின் சாவுக்குக் காத்திருந்திருக்கும்.

ஆனால் கற்ற பாடம் மட்டும் போதுமா? 1914 மே 29 அன்று கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் ‘எம்ப்ரெஸ் ஆஃப் அயர்லாந்து’ மூடுபனியில் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதியது. புதிய விதிப்படி போதுமான படகுகள் அதில் இருந்தன. கப்பல் பதினான்கே நிமிடங்களில் மூழ்கியதால் படகுகளை இறக்கவே நேரமில்லை. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இதைவிட வேதனையானது சிகாகோவில் நடந்தது. மேல்பாரம் மிகுந்து ஆடும் குணமுள்ள ‘ஈஸ்ட்லாண்ட்’ என்ற ஏரிக் கப்பலில், டைட்டானிக்குக்குப் பின் எழுந்த பாதுகாப்பு உணர்வில் பிறந்த 1915-ஆம் ஆண்டு மாலுமிகள் சட்டத்தை ஒட்டி, மேல்தளத்தில் மேலும் படகுகளையும் மிதவைகளையும் ஏற்றினார்கள். அதே ஆண்டு ஜூலை 24 அன்று, ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களும் குடும்பத்தாரும் உல்லாசப் பயணம் புறப்பட அதில் ஏறி நிறைந்தபோது, கரையோடு கட்டியிருந்த நிலையிலேயே கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர், கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில். கூடுதல் படகுகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கப்பலின் கட்டுமானமும், அடியில் பாரநீர் நிரப்பியதில் செய்த தவறும் உண்டு. ஆயினும் டைட்டானிக் தப்பியிருந்தால், அந்த ஜூலை காலையில் சிகாகோ ஆற்றங்கரையில் நின்ற பல குடும்பங்கள் மாலையில் வீடு திரும்பியிருக்கவும் கூடும். உயிர்களை இப்படிக் கூட்டிக் கழிப்பது எனக்கே கூசுகிறது. கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு கனடாவின் ஹாலிஃபாக்ஸ் பகுதியிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு ஒரு மரம் அனுப்புகிறார்கள். அந்தக் கதையும் போரில்தான் தொடங்குகிறதா? (தமிழ் வாசகர் ஒருவர், டொராண்டோ)

பதில்: ஆம், இங்கே ஐயத்துக்கே இடமில்லை. 1917 டிசம்பர் 6 காலை, டி.என்.டி., பிக்ரிக் அமிலம், வெடிபஞ்சு, பென்சோல் என்று வெடிக்கவும் எரியவும் கூடிய அத்தனையையும் சுமந்துவந்த ‘மோன் பிளாங்க்’ என்ற பிரெஞ்சுக் கப்பலும், பெல்ஜிய மக்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றச் சென்றுகொண்டிருந்த ‘ஈமோ’ என்ற நார்வேக் கப்பலும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகிய பகுதியில் மோதின. ஒன்று போருக்குச் சரக்கு சுமந்தது. மற்றொன்று போரால் பட்டினி கிடந்தவர்களுக்குச் சுமக்கப் போனது. போர் இல்லையேல் இரண்டும் அங்கே இல்லை. மோதலில் மோன் பிளாங்க் கப்பலில் பற்றிய தீயை வேடிக்கை பார்க்க மக்கள் சன்னலோரம் நின்றிருந்த வேளையில், 9 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அந்தக் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயமுற்றார்கள். சன்னல் கண்ணாடி சிதறியதில் பார்வை இழந்தவர்கள் ஏராளம். தப்பி ஓட நேரம் இருந்தும் திரும்பிவந்து, எதிரே வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்துவிட்டு மாண்ட வின்ஸ் கோல்மன் என்ற ரயில்வே ஊழியரைப் பற்றி உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். உடனடியாக உதவி அனுப்பியது பாஸ்டன். அந்த நன்றிதான் மரமாகப் போகிறது.

கேள்வி: 1918-ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலும் போரோடு வந்ததுதானே? (செவிலியர், மதுரை)

பதில்: வந்தது என்பதைவிடப் பரவியது என்பது பொருந்தும். ஒரு புதிய இன்ஃபுளுவென்சா கிருமி தோன்றுவதற்குப் போர் தேவையில்லை. ஆனால் கான்சாஸ் மாநிலத்தின் ஃபன்ஸ்டன் முகாம் போன்ற இடங்களில் பல்லாயிரம் இளைஞர்களை ஒரே கூரைக்குக் கீழ் அடைத்து, கப்பல் கப்பலாகக் கடல் கடத்தி, நோயுற்றவர்களை ரயிலில் பின்னுக்கு அனுப்பிப் புதியவர்களை முன்னுக்கு அனுப்பிய ஏற்பாடு, அந்தக் கிருமிக்குத் தானே அமைத்துக்கொண்டாலும் கிடைக்காத வசதி. போரிடும் நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்தன. நடுநிலை நாடான ஸ்பெயின் மட்டும் தன் நோயை வெளிப்படையாக எழுதியதால் பழி அதன் பெயரில் விழுந்தது. இந்தியாவுக்குள் அது 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்தது. இங்கே மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடி பேர்வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்; போர்க்களங்களில் எல்லா நாட்டு வீரர்களும் சேர்ந்து இறந்ததைவிட இது அதிகம். போர் இல்லாதிருந்தால் நோய் மெல்ல நடந்து வந்திருக்கும். மெல்ல வரும் நோய்க்கும் விரைந்து வரும் நோய்க்கும் உள்ள வேறுபாடு, வார்டில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: 1923-இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தையும் உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: நிலத்தட்டுகளுக்குப் பிரின்சிப்பைத் தெரியாது. சரயேவோவில் என்ன நடந்திருந்தாலும் அந்தச் செப்டம்பர் 1 அன்று, மதிய உணவுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்த 11.58 மணிக்கு, பூமி குலுங்கியிருக்கும், தீயும் பரவியிருக்கும், ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்திருப்பார்கள். மாற்றியிருக்கக் கூடியது, அதற்குப் பின் நடந்தது. கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பிக் கும்பல்கள் கொரியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. ஆனால் அதன் வேரும் 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியதில் இருக்கிறது. ஐரோப்பியப் போருக்கு முந்தியது.

கேள்வி: கெட்டிக்காரத்தனமாகக் காரியம் சாதிப்பவர்களை என் பாட்டி ‘சரியான எம்டன்’ என்பார். போர் வராதிருந்தால் அந்தச் சொல்லும் இருந்திருக்காது அல்லவா? (ஒரு வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: இருந்திருக்காது. எம்டன், சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த சிறு போர்க்கப்பல். போர் தொடங்கியதும் அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் தனியே இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். மூன்று புகைபோக்கிகள் கொண்ட அந்தக் கப்பலில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோற்றம் காட்டினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைக்கு எதிரே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பயந்துபோய் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பல்லாயிரம். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் பார்க்கலாம். அடுத்த மாதம் அதே வேடத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’யிடம் சிக்கி அழிந்தது.

சரயேவோவில் ஓட்டுநரிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எம்டன் சிங்தாவிலேயே வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு நின்றிருக்கும். உங்கள் பாட்டிக்கும் பெரிய நட்டம் ஒன்றும் நேர்ந்திருக்காது. ‘எமகாதகன்’ என்ற சொல் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது.